எண்சாண் உடம்பும் 54-ஆம் நம்பர் ஃபிரேமும்



குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். பாதி அவைக்கு மேல் இருக்கிறீர்கள். பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து, ஒரு கையில் ஹேண்டில் பாரும் இன்னொரு கை அணைப்பில் சீட்டுமாகத் தெருமுனை வரை போய் விழுந்து எழுந்தவர்கள். தில்லியிலேயே வளர்ந்தவர்கள் இதையே 'கைஞ்சி' என்று பழகியிருப்பீர்கள். அப்பாவின் சைக்கிள் பிள்ளைக்குப் பெரியது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சைக்கிள் அப்பாவுக்கே சரியான அளவுதானா என்று வீட்டில் யாராவது கேட்டதுண்டா?

கேட்டும் பயனில்லை. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1951-இல் இங்கே பக்கத்தில் சோனிபத்தில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ. மூவரும் நமக்குக் கொடுத்தது பிரிட்டிஷ்காரன் வழிவந்த அதே கறுப்பு ரோட்ஸ்டர். ஃபிரேம் பெரும்பாலும் 22 அங்குலம், நெட்டையான ஆளுக்கு 24. அவ்வளவுதான் தேர்வு. தபால்காரர், பால்காரர், வாத்தியார், மில் தொழிலாளி எல்லோரும் அந்த இரண்டுக்குள் அடங்கினார்கள். குட்டையானவர் சீட்டில் இடுப்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி மிதித்தார், நெட்டையானவர் முட்டியை வெளியே அகட்டிக்கொண்டார். பெரிய குறை சொல்லவும் முடியாது. ரோட்ஸ்டரில் நிமிர்ந்து உட்காருகிறோம், உடம்பின் எடை சீட்டில் இறங்குகிறது, கை சும்மா கிடக்கிறது. எட்டு பத்து கிலோமீட்டர் போகிற வண்டியில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும்.

வேகத்துக்கென்று செய்த ரோட் பைக்கில் பொறுக்காது. அங்கே முதுகு வளைகிறது, எடையைச் சீட்டும் பெடலும் கையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கு கொஞ்சம் பிசகினாலும் மூன்றாவது மணி நேரத்தில் கணக்கு தெரிந்துவிடும். சுண்டுவிரல் மரத்துப்போகும், பிடரி இறுகும், உடம்பு தானாகவே சீட்டின் மூக்குப் பக்கம் வழுக்கிக்கொண்டு வரும். இந்த ஊரில் பிரெவே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய ஓட்டம் அது. போட்டி இல்லை, நேரக் கெடு மட்டும்தான். அங்கே பாதியில் நிறுத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கால் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் குறைவு. கழுத்து, உள்ளங்கை, இடுப்பு என்றுதான் சொல்வார்கள்.

சரி, வாங்குகிற இடத்துக்கு வருவோம். தில்லியில் சைக்கிள் என்றால் ஜண்டேவாலான். கரோல் பாக்கில் குடியிருந்த தமிழர்களுக்கு நடந்து போகிற தூரம். அங்கே ஒரு கடையில் நுழைந்தால் முதல் கேள்வி, "கௌன்ஸா சைஸ்? சப்பீஸ்? சாடே சத்தாயீஸ்?" 26-ஆ, 27.5-ஆ என்று கேட்கிறார். அது சக்கரத்தின் அளவு. நம் ஊரில் சைக்கிளின் சைஸ் என்றாலே சக்கரம்தான் என்று ஆகிவிட்டது. ரோட் பைக்கில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. குட்டை ஆளுக்கும் நெட்டை ஆளுக்கும் பெரும்பாலும் ஒரே 700சி சக்கரம்தான், மாறுவது ஃபிரேம். அதைக் கேட்டால் உயரம் எவ்வளவு என்பார், சொன்னதும் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு வருவார். பாரின் இரு பக்கமும் காலை ஊன்றி நிற்கச் சொல்வார், வண்டியை இரண்டு விரற்கடை தூக்கிக் காட்டுவார், "ஏக்தம் ஃபிட், சாப்!" முடிந்தது.

இந்த 'பாரின் மேல் நிற்கிற' சோதனை ஒரு காலத்தில் பொருள் உள்ளதாக இருந்தது. அப்போது பார் தரைக்கு இணையாக இருக்கும். 54 என்றால் சீட் குழாயின் நீளம் 54 சென்டிமீட்டர், சொன்ன சொல்லுக்கு அளவு நிற்கும். 1990களின் பிற்பகுதியில் மைக் பரோஸ் என்ற ஆங்கிலேயர் ஜயண்ட் நிறுவனத்துக்காகப் பாரைப் பின்பக்கம் சரித்து டி.சி.ஆர். ஃபிரேமை வடிவமைத்தார். பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்றாரே, அந்த லோட்டஸ் வண்டியை வடிவமைத்ததும் இவர்தான். சரிந்த பாரினால் ஃபிரேமின் எடை குறைந்தது, விறைப்புக் கூடியது. கம்பெனிக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. ஏழெட்டு அளவு செய்துகொண்டிருந்தவர்கள் எஸ், எம், எல் என்று சுருக்கிக்கொண்டு, மிச்சத்தை நீளமான சீட் போஸ்ட்டை வைத்தும், ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றியும் சமாளித்தார்கள். அதன் பிறகு 54 என்பது வெறும் பெயர். ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியில் 52 ஆகவோ எம் ஆகவோ இருக்கும். சரிந்த பாரின் மேல் நின்றால் யாருக்கும் இடைவெளி கிடைக்கும். அதில் ஒன்றும் தெரியாது.

உயரமும் அப்படித்தான். எண்சாண் உடம்பு என்கிறோம். அவரவர் கையால் எட்டுச் சாண், சரி. அந்த எட்டில் கால் எத்தனை சாண், இடுப்புக்கு மேலே எத்தனை சாண்? ஆளுக்கு ஆள் மாறுகிறது. சைக்கிளுக்கு வேண்டியது அந்தப் பங்கீடுதான்.

அதை அளப்பது எளிது. செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில் வைத்து, அதன் ஓரம் சுவரில் படும்படி, சீட் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பைப் பென்சிலால் சுவரில் குறித்துத் தரையிலிருந்து அளக்க வேண்டும். இதுதான் உள்கால் அளவு. பேன்ட் தைக்கிறவர் எடுக்கும் உள்கால் அளவு இதைவிடக் குறைவாக வரும், அதைக் கொண்டுவந்து இங்கே போடாதீர்கள். மூன்று முறை அளந்தால் மூன்று எண் வரும், நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை எவ்வளவு இருக்க வேண்டும் என்று தோராயமாகக் கிடைக்கும். அந்த அச்சைக் கடைக்காரர்கள் பி.பி. என்பார்கள். கணக்கு பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார் வழியாக வந்தது, அவருடைய சீடர் கிரெக் லெமாண்ட் அதை உலகமெல்லாம் பரப்பினார். இன்றைய ஷூவும் பெடலும் அன்றையதைவிட மெலிசு என்பதால் சில மில்லிமீட்டர் குறைத்துத் தொடங்குவது நல்லது. வேதவாக்காக எடுக்க வேண்டாம், தொடங்குகிற புள்ளி அவ்வளவுதான். ஃபிரேமைத் தேர்வு செய்ய இந்தத் தோராயம் போதும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 168 சென்டிமீட்டர். ஒருவருக்கு உள்கால் 80, இன்னொருவருக்கு 75. கடைக்காரர் இருவருக்கும் ஒரே வண்டியைத்தான் இழுத்துக்கொண்டு வருவார். முதலாமவர் சீட் 70.6-இல் நிற்கும், இரண்டாமவர் சீட் 66.2-இல். சீட் குழாய் சரிந்து நிற்பதால் நேர் உயரம் கொஞ்சம் குறையும். பி.பி.யிலிருந்து முறையே 67.7, 63.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெம்முக்கு அடியில் போடும் வளையம், ஸ்டெம் எல்லாம் சேர்த்து ஹேண்டில் பார் 59.7-இல் இருக்கிறது. முதலாமவருக்குக் கை சீட்டைவிட 8 சென்டிமீட்டர் தாழ்வு, இரண்டாமவருக்கு 4-க்கும் கீழே. ஒரே வண்டி ஒருவருக்குப் பந்தய வண்டி, இன்னொருவருக்கு உல்லாசச் சவாரி. சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கால் நீண்டவருக்கு உடம்பின் மேற்பகுதி 5 சென்டிமீட்டர் குட்டை. கால் அளவைப் பார்த்தால் பெரிய ஃபிரேம் வேண்டும், முதுகைப் பார்த்தால் சின்ன ஃபிரேம் வேண்டும். உயரத்தை மட்டும் கேட்டு வண்டி கொடுப்பவருக்கு இப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது.

இந்த வழக்கைத் தீர்க்க இரண்டு எண்கள் இருக்கின்றன. ஸ்டாக், ரீச். பி.பி.யின் மையத்திலிருந்து செங்குத்தாக மேலே, ஃபிரேமின் முன்குழாய், அதாவது ஹெட் டியூபின் உச்சி வரை எவ்வளவு உயரம்? அது ஸ்டாக். அதே மையத்திலிருந்து அதே உச்சிக்குக் கிடையாக எவ்வளவு தூரம்? அது ரீச். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், முன்னே பின்னே தள்ளலாம். ஸ்டெம்மை மாற்றலாம். ஹேண்டில் பாரின் அகலத்தை 36-இலிருந்து 44 வரை மாற்றலாம். பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளத்தையும் மாற்றலாம். பந்தய வீரர் போகாச்சர் 176 சென்டிமீட்டர் ஆள். அவரே 2024-இல் 165 மில்லிமீட்டர் கிராங்குக்கு இறங்கி வந்துவிட்டார். நாம் ஏன் 172.5-ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஸ்டாக்கையும் ரீச்சையும் மட்டும் காசு கொடுத்தும் மாற்ற முடியாது. ஃபிரேம் வார்த்தபோதே முடிந்துபோன விஷயம். ஆகவே ஃபிரேம் வாங்குவது என்றால் இந்த இரண்டு எண்களை வாங்குவது. நிறமும் கார்பனும் பிறகு.

பந்தயத்துக்கான 54 ஃபிரேமில் ஸ்டாக் 54 சென்டிமீட்டரை ஒட்டியும் ரீச் 38.5-ஐ ஒட்டியும் இருக்கும். நீண்ட தூரத்துக்கென்று, எண்டூரன்ஸ் என்ற பெயரில், அதே கம்பெனி விற்கும் அதே 54-இல் ஸ்டாக் 57, 58 என்று ஏறியிருக்கும், ரீச் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்திருக்கும். காலும் முதுகும் சண்டை போடுகிற முதலாமவருக்கு இந்த இரண்டாவது வகையில் சின்ன அளவு பொருந்தும். அவருக்குப் பந்தய ஃபிரேமை விற்றுவிட்டு வளையத்தின் மேல் வளையமாக அடுக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. கார்பன் ஃபோர்க்கின் தண்டுக்கு மேல் எவ்வளவு அடுக்கலாம் என்று ஒவ்வொரு கம்பெனியும் வரம்பு வைத்திருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. முதுகு நீண்ட, கால் குட்டையான இரண்டாமவர் பாடு சுலபம். தாழ்ந்த பந்தய ஃபிரேம் அவருக்கென்றே செய்த மாதிரி அமையும். அவருக்கு வேகத்தில் ஆசை இல்லாமலும் இருக்கலாம், அது வேறு விஷயம்.

அளவு அட்டவணையைப் படிக்கிறபோது இரண்டு இடத்தில் ஏமாந்துவிடுவோம். முதலாவது, ரீச்சை மட்டும் ஒப்பிடுவது. முன்குழாய் பின்பக்கம் சரிந்திருப்பதால், ஹேண்டில் பாரை வளையம் போட்டு ஒரு சென்டிமீட்டர் ஏற்றினால் அது 3 மில்லிமீட்டர் நம் பக்கம் வருகிறது. ஆகவே ஸ்டாக் 53 உள்ள ஃபிரேமின் ரீச்சையும் 56 உள்ளதன் ரீச்சையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. குட்டை ஸ்டாக்கை 3 சென்டிமீட்டர் ஏற்றி, அதன் ரீச்சிலிருந்து 9 மில்லிமீட்டரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, உயரம் குறைந்த நம்மைப் போன்றவர்களையே நேராகப் பாதிப்பது. மிகச் சின்ன ஃபிரேம்களில் பாரின் நீளம் குறைந்துகொண்டே போவதுபோல் அட்டவணை காட்டும். ரீச்சைப் பார்த்தால் 50-க்கும் 47-க்கும் ஏறக்குறைய ஒரே எண் நிற்கும். எப்படி? சீட் குழாயை இன்னும் நிமிர்த்திவிடுகிறார்கள். 73 பாகையிலிருந்து ஒரு பாகை நிமிர்த்தினால், 70 சென்டிமீட்டர் உயரத்தில் சீட் 1.2 சென்டிமீட்டர் முன்னே போகும். பார் குறுகியதாகத் தெரியும். உட்கார வேண்டிய இடத்துக்குச் சீட்டைப் பின்னே தள்ளினால் பழைய தூரம் அப்படியே திரும்ப வந்துவிடும். கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. 700சி சக்கரம் பெரியது. ஃபிரேமை உண்மையிலேயே குறுக்கினால் வளைவில் திரும்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். சக்கரத்தைச் சின்னதாக்கினால் தீர்ந்தது. அமெரிக்காவில் ஜார்ஜீனா டெர்ரி 1980களிலேயே, பெண்களுக்கென்று முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாக வைத்து வண்டி செய்து விற்றார். பெரிய கம்பெனிகளில் இன்று வெகு சிலரே அந்தப் பக்கம் போகிறார்கள்.

நமக்கு ஏன் இது முக்கியம்? 2016-இல் வெளிவந்த உலகளாவிய உயர ஆய்வு ஒன்றின்படி, 1996-இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 165 சென்டிமீட்டர், பெண்களுக்கு 153-க்குச் சற்றுக் குறைவு. நெதர்லாந்து ஆண்களுக்கு 182.5. ரோட் பைக்கின் நடு அளவு எந்த உடம்பை மனதில் வைத்து வரையப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய வரிசையின் கடைசிக் கோடியில்தான் நம்முடைய நடு ஆள் நிற்கிறார். நம் பெண்களில் பாதிப் பேர் அந்த வரிசைக்கே வெளியே நிற்கிறார்கள். எக்ஸ்.எஸ். அளவு அட்டவணையில் இருக்கும், ஜண்டேவாலானில் கேட்டால் ஆர்டர் போட வேண்டும் என்பார்கள். ஆர்டர் போடுங்கள். காத்திருக்கச் சோம்பல்பட்டு எஸ் வாங்கி வருவதில் எனக்குச் சம்மதமில்லை.

இந்திய உடம்பை யாரும் அளக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வெளியீடாக, தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்திய உடல் அளவு நூல் 1997-இலேயே வந்துவிட்டது. நாற்காலி செய்கிறவரும் பேருந்து இருக்கை வரைகிறவரும் புரட்ட வேண்டிய புத்தகம். இதோ, நம் ஹவுஸ் காஸில் இருக்கும் ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், 25,000-க்கு மேற்பட்டவர்களை ஸ்கேனரில் நிறுத்தி அளக்கும் இந்தியாசைஸ் திட்டத்தை எடுத்துக்கொண்டது. அது சட்டைக்கும் சல்வாருக்கும். இந்த அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு லூதியானாவோ அம்பத்தூரோ ஒரு ரோட் ஃபிரேம் வரிசை வரைந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை.

அதுவரை இருப்பதில் பொறுக்கத்தான் வேண்டும். கடையில் என்ன செய்யலாம்? வண்டியை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் ஏற்றச் சொல்லுங்கள். சீட்டை உங்கள் கணக்குக்கு வைத்துவிட்டு, பத்து நிமிடம் மூச்சு வாங்கும்வரை மிதியுங்கள். மிதித்துக்கொண்டே பிரேக் பிடியிலிருந்து இரண்டு கையையும் மெதுவாக எடுங்கள். உடம்பு அப்படியே நின்றால் நல்லது. முன்னால் சரிந்தால் கை சுமை தூக்குகிறது என்று பொருள். முழங்கை விறைத்திருக்கிறதா என்று பக்கத்திலிருந்தும், இடுப்பு ஆடுகிறதா என்று பின்னாலிருந்தும் நண்பர் ஒருவர் பார்க்கட்டும். 9 அல்லது 10 சென்டிமீட்டர் ஸ்டெம்மில் உடம்பு அமைந்துவிட்டால் ஃபிரேம் சரி. 6-க்குக் குறைத்தால்தான் எட்டுகிறது என்றால் ஃபிரேம் பெரியது, விலை எவ்வளவு குறைத்தாலும் வெளியே வந்துவிடுங்கள். கடைச் சந்துக்குள் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வண்டியைக் கொடுக்கிற கடையாக இருந்தால் ஞாயிறு விடியலில் சாணக்கியபுரி சாந்தி பத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். டயருக்கு இடம் எவ்வளவு என்றும் அப்போதே கேளுங்கள். நம் காலனிகளின் ஸ்பீட் பிரேக்கர்களை நினைத்தால் 28 மில்லிமீட்டர் கூட நுழையாத ஃபிரேமை நான் வாங்க மாட்டேன்.

இப்போது ஓட்டுகிற பழைய வண்டி உடம்புக்கு ஒத்துப்போகிறதா? தையற்காரரிடம் அளவுச் சட்டை கொண்டுபோகிற மாதிரி அதையே கொண்டுபோங்கள். சீட்டின் மூக்கிலிருந்து ஹேண்டில் பார் வரை ஒரு அளவு, பி.பி.யிலிருந்து சீட் வரை ஒரு அளவு, தரையிலிருந்து ஹேண்டில் பார் வரை ஒரு அளவு. புது வண்டியை அந்த மூன்றுக்கும் கொண்டுவர முடிகிறதா என்று பார்த்தால் போதும். பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள், வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவதை விட்டுவிடுங்கள். பள்ளிச் சட்டைக்கு அது சரி. ரோட் பைக்கில் பிரேக் எட்டாத பிள்ளையைச் சாலையில் விடக் கூடாது.

உடம்பும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எடி மெர்க்ஸ் 1969-இல் பிளுவா ஊர் ஓட்டத்தளத்தில் விழுந்தார். முன்னால் வழிகாட்டி ஓட்டிய ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் அந்த விபத்தில் இறந்துபோனார், மெர்க்ஸின் இடுப்பெலும்பு பிசகியது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் சீட்டின் உயரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார், பந்தயத்தின் நடுவிலும் சாவியை எடுத்துத் திருகியவர். டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்றவருக்கே அப்படி. ஐம்பது வயதில் குனிந்து பெருவிரலைத் தொட முடியாதவர், முப்பதில் ஓட்டிய ஃபிரேமையே மறுபடி தேடக் கூடாது. ஸ்டாக் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக உள்ளதைப் பாருங்கள். கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவரிடம் "எம் சைஸா?" என்று கேட்காதீர்கள். கம்பெனி, மாடல், ஆண்டு கேளுங்கள். அந்த ஆண்டின் அட்டவணை கம்பெனியிடம் இருக்கும், ஸ்டாக்கும் ரீச்சும் அதில் இருக்கும். எண்கள் ஒத்துவராவிட்டால் பார்க்கப் போகவே வேண்டாம். போய்ப் பார்த்தால் நிறம் பிடித்துவிடும்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்த மூலை மேசையில் அளவு நாடாவும் பென்சிலும் வைத்திருக்கிறேன், சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. சற்று முன் எனக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்த புத்தகம் நல்ல கெட்டி அட்டை, நல்ல தடிமன், எழுதியவர் மன்னிக்கட்டும். உள்கால் அளவு தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் வரலாம். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம்.